ஏழாம் அத்தியாயம்: கடற்கரைக் கிராமம் புயலுக்கு ஆயத்தமாதல்

வங்கக் கடலில் தோன்றித் தமிழகத்தின் கரையை நாடி வரும் கடும்புயல்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களுக்குள்ளேயே வருகின்றன என்பதும், அவற்றின் பாதையும் வேகமும் இந்நாளில் மூன்று தினங்களுக்கு முன்பே ஏறக்குறையத் தெரிந்துவிடுகின்றன என்பதும் கடலோரத்தில் குடியிருக்கும் எவரும் அறிந்த விஷயங்களே. வரும் காலம் தெரிந்திருந்தும், வந்தால் என்ன செய்யும் என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருந்தும், ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் உயிர்ச்சேதத்தைக் கணக்கெடுக்க நேர்கிறதென்றால், அறிந்த செய்தியைக் கடைசி வீட்டின் வாசல் வரையில் கொண்டுபோய்ச் சேர்த்து, அவ்வீட்டில் படுத்திருக்கும் கிழவியைத் தூக்கிக்கொண்டு வருகிற ஏற்பாடு ஊரில் இல்லை என்பதே அதன் பொருள். அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளும் முறையை, நாகப்பட்டினம், கடலூர் போன்ற மாவட்டங்களின் கடற்கரைக் கிராமங்களை மனத்தில் வைத்து, இங்கே விவரிக்கிறோம்.

இது ஆகக்கூடிய காரியந்தான் என்பதற்கு அண்டை மாநிலம் ஒன்றே தக்க சாட்சி. 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி ஒடிசாவில் பாரதீப்புக்கு அருகே கரையேறிய பெரும்புயல் ஏறத்தாழ 10,000 உயிர்களைப் பலிகொண்டது. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி அதே மாநிலத்தில் கோபால்பூருக்கு அருகே கரையேறிய பைலின் புயலும் மிகக் கொடிய புயலே. ஆயினும் அதில் மாண்டவர்களின் தொகை ஐம்பதைக்கூட எட்டவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அம்மாநிலத்தார் கரை நெடுகப் புயல் காப்பகங்களைக் கட்டினார்கள். ஊர்தோறும் தொண்டர்களைப் பயிற்றுவித்தார்கள். பைலின் வருமுன் சுமார் 10 லட்சம் மக்களை வீட்டைவிட்டுக் கிளப்பிப் பத்திரமான இடங்களில் சேர்த்தார்கள். வானிலை அறிக்கை துல்லியமானதும் ஒரு காரணமே. ஆனால் அறிக்கை தானாக நடந்து போய் எவரையும் எழுப்புவதில்லை. நம் கரையிலேயே, 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் ரயிலை, அது சென்று சேரவேண்டிய ஊரையே கடல் விழுங்கிக்கொண்டிருந்த வேளையில் தடுத்து நிறுத்த வழியில்லாமற் போய், நூற்றுக்கு மேற்பட்டோர் அதனோடு மாண்டார்கள் என்பதை நாம் மறப்பதற்கில்லை.

ஊரின் படம்

புயல் மூன்று உருவங்களில் வருகிறது: காற்றாக, கடல்நீராக, மழைவெள்ளமாக. இம்மூன்றுக்கும் ஒதுங்கும் இடம் ஒன்றாகவே இருக்கும் என்று நினைப்பது பெரும் பிழை. காற்றுக்கு அசையாத உறுதியான பள்ளிக்கூடம் கடலுக்குச் சமீபத்தில் தாழ்ந்த மணலில் நிற்குமானால், கடல் உட்புகும் இரவில் அங்கே கூடியவர்கள் அனைவருக்கும் அதுவே ஆபத்தாய் முடியும். வங்கக் கரையில் ஆயிரம் பதினாயிரமாக மக்கள் மாண்ட சந்தர்ப்பங்களில் எல்லாம் அவர்களைப் பெரும்பாலும் கொன்றது கடல்நீரே அன்றிக் காற்று அன்று. அதற்கு நேர்மாறாக, கடலைவிட்டு வெகுதூரம் உள்ளடங்கிய ஒரத்தநாட்டில், 2008-ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா புயலின்போது, ஒரே நாளில் சுமார் 66 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அங்கே மக்களுக்குத் தேவைப்பட்டது கடலிலிருந்து விலகுவதன்று, ஆற்றங்கரையையும் தாழ்ந்த தெருவையும் விட்டு மேட்டுக்குப் போவது.

ஆகையால் முதல் வேலை, ஊரின் படம் ஒன்றை வரைவது. பள்ளிக்கூடத்துச் சுவரிலோ பெரிய காகிதத்திலோ, ஊராரே கூடி வரையவேண்டும். அலுவலகத்திலிருந்து அச்சிட்டு வரும் வரைபடம் இதற்கு ஈடாகாது. மணல்மேடு எது, பள்ளம் எது, வடிகால் எங்கே அடைபடும், எந்தப் பாலம் முதலில் முழுகும், சாலையோரத்தில் எந்தப் பழைய மரங்கள் விழுந்தால் வழி அறுந்துபோகும், மின்மாற்றி எங்கே நிற்கிறது என்பனவெல்லாம் அதில் குறிக்கப்பட வேண்டும். 1977-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலைக் கண்டவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். எந்தத் திண்ணை வரையில் தண்ணீர் வந்தது, எந்தத் தெரு தப்பியது என்று அவர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்வது, அளவை நிபுணர் ஒருவரை வரவழைப்பதற்குச் சமானமான பயனைத் தரும்.

கடல் எங்கே உட்புகும் என்பதற்கு ஒரு பொது விதி உண்டு. நம் பூகோளப் பகுதியில் புயலின் மையத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழல்கிறது. கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலானது ஓரிடத்தில் கரையேறும்போது, அவ்விடத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசிக் கடல்நீரைக் கரைமேல் தள்ளும். தெற்கே உள்ள ஊர்களில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். எனவே, "புயல் நமக்குத் தெற்கே போகிறதாம், நாம் தப்பினோம்" என்று எண்ணுகிற கிழக்குக் கரை ஊர்தான் அதிக ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய ஊர். ஆனால் கோடியக்கரைக்கு மேற்கே, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று தெற்கு நோக்கி அமைந்த கரையில் கணக்கு மாறுகிறது: வடக்கே கரையேறிய புயல் மேற்கே நகர்ந்த பின்புதான் அங்கே தென்காற்று எழுந்து ஆழமற்ற கடலை உள்ளே தள்ளும். புயல் கடந்துவிட்டது என்ற செய்தி வந்தவுடன் வீடு திரும்பலாம் என்ற பொது எண்ணம் அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பொருந்தாது.

பொறுப்பாளர்கள்

குழு சிறிதாக இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் சுய உதவிக் குழுவின் இருவர், மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தின் நாட்டார், மின்வாரியத்தில் பணிபுரியும் உள்ளூர்க்காரர் எவரேனும் இருந்தால் அவர், நன்றாக நீந்தவும் மரம் ஏறவும் தெரிந்த இளைஞர் சிலர் என்று அமைந்தால் போதும். அரசாங்கம் கிராமந்தோறும் முதல்நிலை மீட்பாளர்களாகப் பெயர் பதிந்து வைத்திருப்பவர்களும், ஆப்த மித்ரா திட்டத்தில் பயிற்சி பெற்றவர்களும் ஊரில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பெயர்கள் அவசியம். ஒருவர் அன்றைக்குத் திருப்பூருக்குப் போயிருப்பார் என்பதை முன்பே எதிர்பார்ப்பதுதான் திட்டம்.

ஊரின் எல்லாத் தெருக்களும் எல்லாச் சாதியாரும் அக்குழுவில் இடம்பெற வேண்டுமென்று நாம் வற்புறுத்துவது சம்பிரதாயத்துக்காக அன்று. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியின் சில நிவாரண முகாம்களில் ஆதிதிராவிட மக்கள் ஒதுக்கப்பட்டதும், பொதுத் தண்ணீர்த் தொட்டியை அணுகவொட்டாமல் தடுக்கப்பட்டதும் பத்திரிகைகளில் வெளிவந்து பதிவாகியிருக்கின்றன. காலனித் தெருவார் காப்பகத்துக்குள் வந்து எந்தத் தாழ்வாரத்தில் படுப்பது என்ற தகராறு, புயல் அடிக்கும் இரவில் எழுமானால் அதைத் தீர்க்க எவராலும் முடியாது. அந்த அவமானத்துக்கு அஞ்சியே ஒரு தெரு முழுவதும் கிளம்பாமல் இருந்துவிடும். கூரையும், தண்ணீரும், சமையலும் யாவருக்கும் பொது என்று ஆடி மாதத்துக் கிராம சபையிலேயே பகிரங்கமாகப் பேசித் தீர்மானம் எழுதி, அதில் எல்லாத் தெருவாரும் கையெழுத்திட வேண்டும். இதற்கு இணங்காத ஊரில் மற்ற ஏற்பாடுகள் எத்தனை இருந்தும் பிரயோஜனமில்லை என்பது எமது திடமான அபிப்பிராயம்.

யாரை யார் அழைத்து வருவது

இனிச் சொல்லப்போவதே இந்த அத்தியாயத்தின் உயிர்நிலை. ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை வாங்கி, வீடு வீடாகச் சென்று, தம்மால் தாமே கிளம்ப இயலாதவர்களின் பெயர்களை எழுதவேண்டும். படுக்கையில் கிடப்பவர், கண் தெரியாதவர், காது கேளாதவர், சித்தம் கலங்கியவர், பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண், பிறந்து சில வாரமே ஆன சிசு, பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியே வாழும் முதியவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர், வாரந்தோறும் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் என்று இப்படியே போகும் அந்தப் பட்டியல். சிறுநீரகம் கெட்டு ரத்தச் சுத்திகரிப்பை நம்பியிருப்பவரைக் கிராமத்துக் காப்பகத்துக்கு அழைத்துவருவதில் பயனில்லை. சாலை மூடப்படுமுன்பே அவரை மருத்துவமனை இருக்கும் நகரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். பிரசவத்துக்கு நாள் நெருங்கியவரும் அவ்வாறே.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று செய்திகள் வரவேண்டும்: அவரை அழைத்துவரப் பொறுப்பேற்றவர் இருவர் யார், எதில் ஏற்றி அல்லது எப்படித் தூக்கி வருவது, அவரோடு கட்டாயம் வரவேண்டிய மருந்தும் சாமானும் என்னென்ன. "இளைஞர்கள் முதியோருக்கு உதவுவார்கள்" என்று பொதுவாக எழுதிவைத்த திட்டங்களை நாம் பல கண்டிருக்கிறோம்; எல்லோருக்கும் பொதுவாக விடப்பட்ட கடமையை அந்த இரவில் எவரும் செய்வதில்லை, ஏனெனில் ஒவ்வொருவரும் இன்னொருவர் போயிருப்பார் என்று நம்பித் தம் குழந்தைகளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இன்ன தெருவின் கோடி வீட்டுப் பாட்டியை எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவரும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிவருவார்கள் என்று எழுதி, அந்த அண்ணன் தம்பிகளிடமும் பாட்டியிடமும் படித்துக்காட்டிச் சம்மதம் வாங்கவேண்டும். பாட்டியின் சம்மதம் முக்கியம். "நான் இந்த வீட்டிலேயே சாகிறேன், நீங்கள் போங்கள்" என்று சொல்லாத முதியவர் நம் கரையில் அபூர்வம். அவரைப் புயலன்று வாதாடி இணங்கவைக்க நேரமிராது, வெயில் காலத்திலேயே பேசி இணங்கவைக்க வேண்டும்.

ஊரின் வீட்டு எண்ணிக்கையில் அகப்படாதவர்களையும் தேடிச் சேர்க்கவேண்டும். இறால் பண்ணையின் ஓலைக் கொட்டகையில் இரவு காவலிருப்பவர், செங்கல் சூளையிலோ கட்டட வேலையிலோ தங்கியிருக்கும் வடமாநிலத்துத் தொழிலாளிகள், ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்கள் ஆகியோருக்கு அறிவிப்பு எட்டுவதில்லை. எட்டினாலும் தங்களையும் சேர்த்துத்தான் அழைக்கிறார்கள் என்று அவர்கள் எண்ணுவதில்லை. தமிழ் அறியாதவர்களிடம் சொல்ல இந்தி பேசத் தெரிந்த ஒருவரின் பெயரையும் பட்டியலில் குறித்துவையுங்கள்.

கடலில் இருப்பவர்களுக்கு வேறொரு பதிவேடு உண்டு. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கடலில் வெகு விரைவாக வலுப்பெற்றபோது, கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் முன்பே கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். கரைக்கு வந்த எச்சரிக்கை அவர்களிடம் போய்ச் சேர வழியில்லை. எந்தப் படகில் எத்தனை பேர், எந்தத் திசைக்கு, எத்தனை நாள் தங்கலுக்குப் போயிருக்கிறார்கள், கையில் கம்பியில்லாக் கருவி உண்டா என்பதைக் கடலுக்கு இறங்கும்போதே கரையில் ஒருவர் எழுதிவைப்பாரானால், தேடுகிறவர்களுக்கு அதைக் காட்டிலும் பெரிய உதவி வேறில்லை. கடலோரக் காவல் படையின் உதவி எண்ணாகிய 1554-ஐ ஒவ்வொரு படகிலும் எழுதிவைப்பது நன்று.

எச்சரிக்கையின் படிகள்

இந்திய வானிலை ஆய்வு மையம் புயல் அறிவிப்பை நான்கு படிகளாக வெளியிடுகிறது. பாதகமான வானிலை தொடங்குவதற்குச் சுமார் 72 மணி நேரம் முன்னதாக முதல் முன்னறிவிப்பும், 48 மணி நேரம் முன்னதாக இரண்டாம் அறிவிப்பும், 24 மணி நேரம் முன்னதாக மூன்றாம் எச்சரிக்கையும், கரையைக் கடப்பதற்குச் சுமார் 12 மணி நேரம் முன்னதாக நான்காவதும் வரும். துறைமுகத்தில் ஏற்றும் கூண்டுகளின் எண்களை ஊரார் ஆவலோடு கேட்டுக்கொண்டிருப்பது வழக்கம். 1 முதல் 11 வரையுள்ள அவை கப்பல்களுக்காக ஏற்பட்டவை. 8, 9, 10 ஆகியவை அந்தத் துறைமுகத்துக்குப் பெரும் அபாயத்தைக் குறிக்கும். 11 என்பது செய்தித் தொடர்பே அற்றுப்போயிற்று என்பதைக் குறிக்கும். அவற்றை அறிந்திருப்பதில் தவறில்லை. ஆனால் தெற்கே அறுபது கல் தொலைவில் உள்ள துறைமுகத்தின் கூண்டு எண்ணைக் கொண்டு தம் ஊரின் கதியைத் தீர்மானிப்பது சரியன்று.

இந்த நான்கு படிகளோடும் ஊரின் வேலைகளைப் பிணைத்துவைக்க வேண்டும். 72 மணி நேரத்தில் குழு கூடும். நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பெயர்களைச் சரிபார்க்கும். கடலுக்குப் போனவர்களுக்குச் செய்தி அனுப்பும். காப்பகத்தைத் திறந்து கூட்டிப் பெருக்கும். 48 மணி நேரத்தில் படகுகள் மேட்டில் ஏற்றிக் கட்டப்படும், வலையும் இயந்திரமும் வீட்டுக்குள் போகும், மேல்நிலைத் தொட்டி நிரப்பப்படும், தென்னையிலிருந்து காயும் கனத்த மட்டையும் இறக்கப்படும், ஜெனரேட்டருக்கும் மரம் அறுக்கும் வாளுக்கும் எண்ணெய் வாங்கப்படும், கைப்பேசிகள் மின்னேற்றப்படும். 24 மணி நேர எச்சரிக்கை வந்ததும் பட்டியலில் உள்ளவர்கள் கிளம்பவேண்டும். மற்றவர்கள் அதற்குப் பிறகு, ஆனால் பகல் வெளிச்சம் போவதற்குள்.

பகல் வெளிச்சம் என்பதை அழுத்திச் சொல்லுகிறோம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நள்ளிரவுக்குப் பின் கரையேறியது. மணிக்கு 120 கிலோமீட்டர் அளவில் காற்று வீசியது. புயலின் மையம் கரைக்கு வருவதற்குப் பல மணி நேரம் முன்பே மரங்கள் முறியத் தொடங்கிவிடும், தகரங்கள் பறக்கும், மின்சாரம் நிறுத்தப்படும், நோயாளியை ஏற்றிய ஆட்டோ பாதி வழியில் நின்றுவிடும். ஆகவே அந்தப் புயலுக்குக் கிளம்பவேண்டிய உண்மையான நேரம் முந்திய நாள் பகலிலேயே முடிந்துவிட்டது. முன்னதாக 80,000-க்கு மேற்பட்டோர் முகாம்களுக்கு அப்புறப்படுத்தப்பட்டதால் பலர் பிழைத்தார்கள். புயலின் கண் ஊருக்கு நேர்மேலே வருமானால் காற்று திடீரென்று அடங்கி ஓர் அமைதி நிலவும். அது முடிந்ததும் எதிர்த்திசையிலிருந்து அதே உக்கிரத்தோடு காற்று திரும்ப அடிக்கும். அந்த இடைவேளையில் மாட்டைப் பார்க்க வெளியே போனவர்கள் மாண்ட சம்பவங்கள் உண்டு.

செய்தி பரப்பும் சாதனங்களில் கோயில், பள்ளிவாசல், மாதாகோயில் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகளைக் காட்டிலும் சிறந்தது கிடையாது. அவற்றுக்குப் பாட்டரி இணைப்பு இருக்கவேண்டும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி காலை, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் பேசிக் கடலைப் பற்றி எச்சரித்தார். ஊரார் அங்கிருந்த எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையத்துக்கு ஓடி, அதன் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,000-க்கு மேற்பட்ட மக்கள் பிழைத்தார்கள். பூட்டை உடைக்க நேர்ந்தது என்ற சிறு விவரத்தைப் படிப்பவர்கள் கவனிக்கவேண்டும். காப்பகத்தின் சாவியும் ஒலிபெருக்கி அறையின் சாவியும் தாலுகா அலுவலகத்தில் இருப்பதால் ஊருக்கு என்ன லாபம்? இரண்டு சாவிகள் ஊருக்குள், இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கவேண்டும். மின்சாரமும் பாட்டரியும் இரண்டுமே தீர்ந்தால் தண்டோராவும் கோயில் மணியும் உண்டு. எத்தனை அடி அடித்தால் என்ன பொருள் என்பதைப் புரட்டாசி மாத ஒத்திகையில் குழந்தைகளுக்கும் கற்பித்துவிடலாம்.

ஆழிப்பேரலைக்கு இந்தப் படிகள் பொருந்தா. 2004-இல் சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6 மணி 29 நிமிடத்துக்கு; இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான அவகாசத்தில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. இன்று ஐதராபாத்தில் உள்ள மையம் அத்தகைய எச்சரிக்கையை விரைவாகத் தரும். என்றாலும் நில அதிர்ச்சியை நீடித்து உணர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் உள்நாட்டை நோக்கி ஓடவேண்டும். வெளிப்பட்ட கடலடி மணலில் மீன் பொறுக்க ஒருவரும் இறங்கக்கூடாது.

காப்பகத்தில்

தங்குமிடத்தில் ஒருவருக்குச் சுமார் மூன்றரைச் சதுர மீட்டர் இடமும், நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் கழுவவுமாகப் பதினைந்து லிட்டர் தண்ணீரும் வேண்டுமென்று சர்வதேச நிவாரண நெறிகள் விதிக்கின்றன. ஓரிரவுக்கு அதைவிட நெருங்கியும் இருக்கலாம். தண்ணீரில் மட்டும் குறைவு வைக்கக்கூடாது. கழிப்பறைகள் பெண்களுக்குத் தனியாக, உள்ளே தாழிடக்கூடியனவாக, போகும் வழியெல்லாம் விளக்குள்ளனவாக இருக்கவேண்டும். இந்த ஒன்று இல்லாததால் காப்பகத்துக்கு வர மறுத்த பெண்களை நாம் அறிவோம். அவர்கள் மறுப்பதில் குற்றம் காண எவருக்கும் உரிமையில்லை.

மக்கள் வீட்டைவிட்டுக் கிளம்பாமைக்கு அறியாமை காரணமென்று அதிகாரிகள் சொல்வதுண்டு. உண்மையில் காரணங்கள் தெளிவானவை: மாடு, ஆடு, நகை, பத்திரம், திருட்டுப் பயம். ஒவ்வொன்றுக்கும் விடை வைத்திருக்கும் ஊரில் மக்கள் தாமே கிளம்புவார்கள். கால்நடைகளுக்கு ஊரின் மேட்டுப் பகுதியில் ஓர் இடம் குறித்து, அங்கே கொண்டுபோக இயலாதவற்றைக் கயிற்றை அவிழ்த்து விட்டுவிடவேண்டும். கட்டுத்தறியில் நிற்கும் மாடே முதலில் சாகிறது. குடும்ப அட்டை, ஆதார், நிலப் பத்திரம், படகுப் பதிவு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஐப்பசி முதலே தயாராக வைப்பது ஒரு மணி நேர வேலை. தெருக்காவலுக்குப் போலீசாரோடு முன்பே பேசி, வெளிச்சம் வந்தவுடன் முதலில் ஊருக்குள் போகும் குழுவில் எல்லாத் தெருவாரும் இருக்கும்படி செய்யலாம். அரிசி, பருப்பு, விறகு, தீப்பெட்டி, பால்மாவு, டார்ச் விளக்கு முதலியவை மூன்று நாட்களுக்குக் கையிருப்பில் இருக்கவேண்டும். கஜாவுக்குப் பின் உள்ளடங்கிய பல கிராமங்களுக்கு வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்ததால் வெளியார் போய்ச்சேரத் தாமதமாயிற்று. மின்சாரம் சில ஊர்களுக்கு வாரக்கணக்கில் வரவில்லை.

காற்று அடங்கிய பின்

முதல் எதிரி அறுந்து கிடக்கும் மின்கம்பி. ஈரத் தரையில் கிடக்கும் எந்தக் கம்பியையும் உயிருள்ளது என்றே கொண்டு, மின்வாரியத்தார் வந்து சொல்லும் வரையில் அணுகாதிருக்க வேண்டும். ஜெனரேட்டரை வீட்டு மின்னிணைப்பில் மாட்டினால் தொலைவில் கம்பத்தின்மேல் நிற்கும் தொழிலாளியை அது கொன்றுவிடக்கூடும். பாம்புகள் மேட்டையும் சுவர்களையும் நாடி வந்திருக்கும். கடித்தால் வாயால் உறிஞ்சுவதும் கட்டிறுக்குவதும் கூடாது; கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு 108-இலோ கிடைத்த வண்டியிலோ உடனே கொண்டுபோக வேண்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

அடுத்த கவலை தண்ணீர். கிணற்றைச் சுத்தம் செய்ய முதலில் அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்கிடவேண்டும். விட்டம் 2 மீட்டரும் தண்ணீரின் ஆழம் 3 மீட்டருமான கிணற்றில் ஏறக்குறைய 9,400 லிட்டர் இருக்கும். தெளிந்த நீருக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற விகிதப்படி அதற்குச் சுமார் 24 கிராம் ஆகும். வாளியில் சிறிது நீரில் குழைத்து, மேலும் நீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் வடித்து, அவ்வாளியைக் கிணற்று நீருக்கடியில் இறக்கி ஏற்றிக் கலக்கவேண்டும். ஒரு மணி நேரம் சென்ற பின்பே இறைக்கலாம். வெள்ளம் புகுந்து கலங்கிய கிணற்றுக்கு இது போதாது. முதலில் இறைத்துக் காலிசெய்து, ஊறிய நீருக்குச் சுகாதார ஆய்வாளர் சொல்லும் மிகுந்த அளவைப் போடவேண்டும். கடல்நீர் புகுந்த கிணற்றின் உப்பைப் பிளீச்சிங் பவுடர் போக்காது. அவ்வூருக்கு லாரித் தண்ணீரே கதி, அதை முதல் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். குழந்தைகளுக்குப் பேதி கண்டால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காதவிடத்தில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து, கலந்து சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

விழுந்த தென்னைகளையும் உடைந்த படகுகளையும் அகற்றுமுன் அவற்றைப் படமெடுத்து, சர்வே எண்ணோடும் படகுப் பதிவு எண்ணோடும் எழுதிவைப்பது அவசியம். கஜாவில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னை விவசாயிகள் பல்லாண்டுப் பலனை ஓரிரவில் இழந்தார்கள். நிவாரணக் கணக்கெடுப்புக்கு உத்தியோகஸ்தர்கள் வருவதற்குள் தோட்டத்தைச் சுத்தம் செய்துவிட்டவர், தம் நஷ்டத்தை நிரூபிக்க அல்லல்பட நேரும். குத்தகைக்குப் பயிரிட்டவர்களும், பிறர் படகில் பங்குக்குப் போனவர்களும், தோட்டத்தில் கூலிவேலை செய்தவர்களும் பத்திரத்தில் பெயரில்லாத காரணத்தால் அந்தக் கணக்கில் விடுபட்டுப்போகிறார்கள். குழு அவர்களுக்கென்று ஒரு தனிப் பட்டியலை, சாட்சிக் கையெழுத்துக்களோடு, முதல் வாரத்திலேயே தயாரித்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.